மாமாவின் புல்லட், என் கிளாசிக், ஒரு நாள் செட்டிநாடு

பழைய புல்லட் வைத்திருப்பவர்களிடம் புது வண்டியைப் பற்றிப் பேச்சு கொடுத்தால், "எல்லாம் சரிதான் தம்பி, ஆனா அதுல ஒரு கேரக்டர் இல்லையே" என்று முடித்துவிடுவார்கள். இப்படிச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் இன்னொரு வண்டியும் நிற்கும், ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ போக அதைத்தான் எடுப்பார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். காரைக்குடியில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு அப்படி இன்னொரு வண்டி கிடையாது. 1986 மாடல் புல்லட் 350, மூன்று எழுத்தில் தொடங்கும் அந்தக்கால நம்பர் பிளேட். புதுவயலில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதிய காலம் முழுக்க அதில்தான் போய் வந்தார், ரிட்டயர் ஆன பிறகு சந்தைக்கும் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் அதேதான். பொங்கல் முடிந்த வாரக் கடைசியில் என் புது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொண்டு திருச்சியிலிருந்து கிளம்பும்போதே போனில் சொல்லிவிட்டேன்: மாமா, ஒரு நாள் முழுக்க வண்டியை மாத்திக்குவோம்.

திருச்சி, புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி. சுமார் 90 கிலோமீட்டர். இதில் எழுத ஒன்றுமே இல்லை, 80-இல் வைத்தால் 80-இல் போகிறது, கை மரத்துப் போகவில்லை, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி ஆடாமல் தெரிகிறது. புது வண்டியின் பெருமை என்று நான் சொல்வதும், பழைய ஆட்கள் அதன்மேல் சொல்லும் குறையும் இது ஒன்றேதான். திருமயத்தில் 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டைக்கு எதிரே ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன், லிவர் கையில் கடகடவென்று தட்டியது, வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது, ஆடு தன் பாட்டுக்குப் போய்விட்டது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) கட்டாயம் என்பதை நான் அதுவரை ஒரு விலையேற்றமாக மட்டுமே பார்த்திருந்தேன். மாமாவின் வண்டிக்கு இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதே ஆடு, அதே ரோடு, அந்த வண்டி என்றால் என்ன ஆகியிருக்கும் என்று மீதி தூரம் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை மாமி வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வைத்தார். அப்புறம் பாடம். புல்லட்டை ஸ்டார்ட் செய்வது உதைக்கிற வேலை என்று நினைத்திருந்தேன், பாதி வேலை பார்க்கிற வேலை. சாவியைப் போட்டுவிட்டு, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். முள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், பிஸ்டன் மேலே நெருங்கி பாயிண்ட் (பிளக்கில் பொறி விழவைக்கும் சின்ன சுவிட்ச்) திறக்கும்போது நடுவுக்கு வந்துவிடும். அந்த இடத்தில் இடது கையில் இருக்கும், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதற்குப் பிறகுதான் உதை. "பலமா உதைக்காதடா மாப்ள, முழுசா உதை" என்றார் மாமா. எங்கே நிற்கிறது என்று தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். அவருக்கு ஒரே உதையில் எடுத்தது. எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது, பக்கத்து வீட்டு ஐயா திண்ணையில் உட்கார்ந்து ரசித்தார்.

மாமா என் வண்டியில் ஏறி ஒரு பட்டனை அழுத்தினார், ஸ்டார்ட் ஆனது, ஆஃப் செய்தார், மறுபடி அழுத்தினார். இப்படியே தெருமுனை வரும்வரை செய்துகொண்டிருந்திருப்பார் போல, மாமி அதட்டியதால் கிளம்பினார்.

பழைய புல்லட்டுக்கு கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். அது மட்டுமல்ல, முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இங்கிலாந்துக்காரன் போட்ட வரைபடம், 1955-இல் மெட்ராஸில் என்ஃபீல்டு கம்பெனி தொடங்கி திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்தபோது அப்படியே வந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள், இங்கே அதே இரும்பு சிலிண்டர் இன்ஜின், புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி 2010 வாக்கில் நிறுத்தும்வரை ஓடியது. வலது காலுக்கு ஒரு தனி குட்டி லிவரும் உண்டு, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எதில் இருந்தாலும் குதிகாலால் ஒரு மிதி, நேராக நியூட்ரல். சிக்னலில் நியூட்ரல் தேடி விளக்கைப் பார்த்துக் காலால் தடவுகிற எனக்கு, இதை ஏன் கைவிட்டார்கள் என்று புரியவே இல்லை.

காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான் போகிற பாதை அந்த வண்டிக்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது. அவசரப்பட ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும் செம்மண், ஆங்காங்கே ஒரு ஊருணி. 50-இல் நான்காவது கியர் போட்டால் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கேட்கிறது, காதைவிட முதுகில். கோட்டையூரில் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் 30-க்கு இறங்கியும் கியரைக் குறைக்காமலே மறுபடி இழுத்துக்கொண்டு போனது. காரணம் இருக்கிறது: சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கூடவே கனமான ஃபிளைவீல், கம்ப்ரஷன் (காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற கணக்கு) வெறும் 6.5. மெதுவாக, பலமாகச் சுற்றுகிற இன்ஜின். என் வண்டியில் இது 72-க்கு 85.8, கம்ப்ரஷன் 9.5, உதறலை அடக்க உள்ளே தனியாக ஒரு பேலன்சர் ஷாஃப்ட், 20 குதிரைத்திறன். பார்வைக்கு என்னுடையதுதான் பழைய வண்டி மாதிரி இருக்கும், உருண்டை ஹெட்லைட், கண்ணீர்த்துளி டேங்க், எல்லாம். ஆனால் உள்ளே அடக்கி ஒடுக்கி வைத்த ஆள். மாமாவின் வண்டி 65-ஐத் தாண்டியதும் கைப்பிடி, பெடல், பெட்ரோல் டேங்க் எல்லாம் ஒன்றாகப் பேச ஆரம்பித்துவிடும், நம்மையே வேகத்தைக் குறைக்க வைத்துவிடும்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் நீளமான சுவர். இரண்டு சுவருக்கு நடுவே புல்லட் போகும்போது சத்தம் அடித்துத் திரும்பி வருகிறது, திண்ணையில் இருந்த ஆச்சிகூட நிமிர்ந்து பார்த்தார். பின்னால் பளபளவென்று மாமா வந்த என் வண்டியை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஹோட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீட்டு வாசலில் நிறுத்தினோம். உள்ளேயிருந்து வந்த ஒருவர் புல்லட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார், பிறகு விலை கேட்டார். ரிசப்ஷனில் நிறுத்தி வைத்தால் அழகாக இருக்குமாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுக் கதவும் தூணும் எனாமல் தூக்கும் விற்கிறார்களே, அதைப் பார்க்கிற கண்ணோடுதான் அவர் வண்டியைப் பார்த்தார். மாமா சிரித்துக்கொண்டே, "இன்னும் உசிரோட இருக்குங்க" என்றார். அதற்கு மேல் பேரம் நடக்கவில்லை.

ஆத்தங்குடியில் நின்றோம், அல்லது வண்டி நிறுத்தியது. டைல்ஸ் பட்டறை ஒன்றைப் பார்த்துவிட்டு (கண்ணாடித் துண்டின்மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்டை ஊற்றுகிறார்கள், அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் டைல்ஸின் பளபளப்பு, சூளையும் இல்லை பாலிஷும் இல்லை) கிளம்பிய கொஞ்ச தூரத்தில் பட்பட்டென்று விக்கி ஆஃப் ஆகிவிட்டது. மாமா இறங்கிக்கூட வரவில்லை, சத்தத்தைக் கேட்டே "பாயிண்ட்டுடா" என்றார். தள்ளிக்கொண்டு போனோம், ஒரு புளியமரத்தடியில் பஞ்சர் கடை, கடைக்காரத் தம்பிக்கு 25 வயது இருக்கும், இந்த இன்ஜின் தயாரிப்பே நின்றபோது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். மூடியைக் கழற்றினான், கரி பிடித்த பாயிண்ட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான், இடைவெளியைக் கேஜ் வைத்துச் சரி செய்தான். 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர், அவ்வளவுதான் விஷயம். "இப்ப பெட்ரோல்ல 20 பர்சன்ட் எத்தனால் வருதுண்ணே, கார்புரேட்டர் ரப்பரையும் டியூபையும் ஒருவாட்டி மாத்திருங்க" என்றான் மாமாவிடம். ஐம்பது ரூபாய் வாங்கினான்.

என் வண்டியை எட்டிப் பார்த்து, "இதுக்கெல்லாம் ஸ்கேனர் வேணும்ணே, நான் தொடுறதில்ல" என்றும் சொன்னான். பழைய வண்டியில் உண்மையாகவே ஒரு மேன்மை இருக்கிறது என்றால் எனக்கு அது இங்கேதான் தெரிந்தது. சத்தத்தில் இல்லை, உதறலில் இல்லை. என்ன கோளாறு என்பதை வண்டி தானே சொல்கிறது, அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் எந்த ஊர்ப் புளியமரத்தடியிலும் கிடைக்கிறார். என் மீட்டரில் மஞ்சளாக ஒரு இன்ஜின் விளக்கு எரிந்தால் எனக்கும் தெரியாது, அந்தத் தம்பிக்கும் தெரியாது, கம்ப்யூட்டரைச் செருகினால்தான் தெரியும். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: பாயிண்ட் என்று ஒன்று இல்லாத வண்டியில் பாயிண்ட் கரி பிடிக்காது.

அங்கே நின்ற அரைமணி நேரத்தில் எங்களைக் கடந்து போனவை பெரும்பாலும் டிவிஎஸ் எக்ஸ்எல்தான். டைல்ஸ் ஏற்றிக்கொண்டு ஒன்று, தண்ணீர் கேனோடு ஒன்று, புல்லுக்கட்டுக்கு அடியில் வண்டியே தெரியாமல் ஒன்று. 1980-இல் ஓசூரில் டிவிஎஸ் 50 என்று தொடங்கிய பரம்பரை, இன்றைக்கும் கியர் கிடையாது, இப்போது ஃபியூயல் இன்ஜெக்ஷனும் வந்துவிட்டது. இந்த ஊர்ப் பக்கம் நிஜமாகவே வேலை பார்க்கிற வண்டி அதுதான், அதன் கேரக்டரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் மாமா எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார், கையை அசைத்தாலும் நிற்கவில்லை. குன்றக்குடி பக்கம் ஒரு டீக்கடையில் பிடித்தேன். 68 வயது, முழங்கால் வலி, கிக்கரை உதைக்கப் பல நாள் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்பதை அப்போதுதான் சொன்னார். "மில்லுக்கு லேட்டா போனா மொதலாளி, வண்டிக்கு கேரக்டர் இருக்குன்னு சம்பளம் குடுக்க மாட்டாருடா. மழையில நனைஞ்சுகிட்டு பிளக்கைக் கழட்டித் தொடைச்சவன் நான்." நான் நாள் முழுக்க முதுகில் அனுபவித்துக்கொண்டு வந்த ஒன்று, அவருக்கு இத்தனை வருடமாக ஒரு கூடுதல் வேலை. நான் திங்கள்கிழமை என் வண்டிக்குத் திரும்பிவிடுவேன், அதனால்தான் எனக்கு அது இனிக்கிறது. விற்கவும் மனசு வரவில்லை அவருக்கு, அதுவும் உண்மை.

மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைத் தாண்டும்போது மறுபடி பக்கத்தில் வந்தார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம், பேட்டரி ஆராய்ச்சி இன்றும் உள்ளே நடக்கிறது. "அடுத்தது கரண்டு வண்டிதான்டா மாப்ள, ஆயிலே மாத்த வேணாமாம்" என்றார். அப்போது புல்லட்? "நீயே எடுத்துக்க. 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருவாட்டி ஆர்.சி. புதுப்பிக்கணும், இந்த வருஷம் வருது. ஆர்டிஓ ஆபீசுக்கு இனி நீ அலை."

சரி என்று சொல்லியிருக்கிறேன். மாமி மட்டும், முதலில் ஒரே உதையில் எடுக்கப் பழகு, பிறகு பார்க்கலாம் என்கிறார்.