கீபோர்டைப் பார்சலில் அனுப்பும்போது

இசைக்கருவியான எலக்ட்ரானிக் கீபோர்டைப் பார்சலில் அனுப்புவோர் பெரும்பாலும் கட்டைகளைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் பார்வையில், மேலே துருத்திக்கொண்டிருக்கும் திருகு குமிழ்களே அதிக ஆபத்துக்குரியவை. பல கருவிகளில் அவற்றின் அடிப்பகுதி நேராகச் சர்க்யூட் போர்டில் பற்றவைக்கப்பட்டிருப்பதால், பெட்டியின்மீது ஏற்றப்படும் பாரம் குமிழ் வழியாக இறங்கி அந்தப் பற்றுகளை விரிசலடையச் செய்துவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஆகவே குமிழ்களைவிட உயரமான கெட்டி நுரைப்பட்டைகளை இரு முனைகளிலும் வைத்து, பாரம் கருவியின் உடற்பகுதியில் இறங்குமாறு செய்கிறேன். தெர்மோகோல் மணிகளை நான் சேர்ப்பதே இல்லை. கட்டைகளின் இடுக்கில் புகுந்தால் அவற்றை எடுப்பது பெரும்பாடு. பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அதன்மேல் பபிள் ராப் சுற்றி, எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை இருக்கும்படி இரட்டை அட்டைப்பெட்டியில் வைப்பது நல்லது. பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். கனமான அடாப்டரைத் தனிச் சிறுபெட்டியில் அசையாமல் கட்டாவிட்டால், உள்ளே உருண்டு அதுவே கட்டைகளை உடைத்துவிடும்.