எம்.வி.வெங்கட்ராமின் கும்பகோணம்

கும்பகோணத்துக்கு பஸ் ஏறும் இலக்கிய வாசகர்களில் பாதிப் பேர் மனசுக்குள் தி.ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலோடுதான் ஏறுகிறார்கள். துக்காம்பாளையத் தெரு எங்கே, அதன் நாயகன் பாபு நடந்த காவிரிக்கரை எங்கே என்று நானும் தேடி அலைந்திருக்கிறேன். இந்த முறை போனது அதே ஊரின் இன்னொரு எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராமுக்காக.

தி.ஜானகிராமன் 1921இல் மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் பிறந்து, கும்பகோணத்துக்குப் படிக்க வந்தவர். எம்.வி.வி. 1920இல் கும்பகோணத்திலேயே, சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் நண்பர்கள். அதே ஊர், அதே காலம். ஆனாலும் தி.ஜா. எழுதிய ஊரில் ஆறும் சங்கீதமும் ஓடுகின்றன. சரிகை வியாபாரம் பார்த்த எம்.வி.வி.யின் 'வேள்வித் தீ' நாவலில் தறியும் கூலியும்தான். சொந்த ஊர் எழுத்தாளனை உருவாக்குகிறது என்கிறோமே, அதில் எந்தத் தெரு, என்ன பிழைப்பு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மயிலாடுதுறை சாலையில் கொஞ்ச தூரம் போனால் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பஹரேசுவரர் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தேன். வெயில் ஏறியிருந்தது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். "உள்ள வாங்க தம்பி, வெயில்ல ஏன் நிக்கிறீங்க?" என்றார் ஒரு பெரியவர். குழித்தறியில் கால் மிதிக்க, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, என்னோடு பேச்சும் நடந்தது. வீட்டம்மாவிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார், மோர் வந்தது. எம்.வி.வி.யும் இப்படி வீட்டில் ஒரு மொழி, எழுத்தில் ஒரு மொழி என்று வாழ்ந்தவர்தானே!

இவ்வளவு சத்தத்தில் எப்படி வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "சத்தம் மாறினாத்தான் கவலை. எங்கயோ கோளாறுன்னு காது சொல்லிடும்" என்றார்.

சட்டென்று 'காதுகள்' நாவல் நினைவுக்கு வந்தது. எம்.வி.வி. பல ஆண்டுகள் தன் காதுக்குள் கேட்ட குரல்களோடு போராடியவர். ஆபாசமும் ஏச்சுமாய் வந்த அந்தக் குரல்களை மறைக்காமல் மகாலிங்கம் என்ற பாத்திரத்தின் மேல் ஏற்றி நாவலாக்கினார். 1993இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. தறிச் சத்தத்தில் வளர்ந்ததால்தான் அப்படி எழுதினார் என்று சொல்ல மாட்டேன். அது ஒரு மனிதனின் தனி வேதனை. ஆனால் காதை நம்பிப் பிழைக்கும் தெருக்கள் உள்ள ஊரில், அந்தக் காதே ஒருவருக்கு எதிரியானால் என்ன ஆகும்? திண்ணைக்கு வந்து உட்கார்ந்த பிறகும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எம்.வி.வி.யைப் படிக்காதவர்கள் 'வேள்வித் தீ'யில் தொடங்குங்கள். அப்புறம் 'காதுகள்'. முடிந்தால் நடுவில் ஒரு நாள் திருபுவனம் போய் வாருங்கள். காலையிலேயே போனால் தறிகள் ஓடும்.