பெர்லினில் இரண்டு தெருக்களும் ஓர் இசைத்தட்டும்

பெர்லினில் வார்ஷவர் ஸ்ட்ராசே ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே பெரிய ஷாப்பிங் மால் ஒன்று இருக்கிறது. அந்த மாலின் தெருப்பலகையில் 'தமாரா-டான்ஸ்-ஸ்ட்ராசே' என்று எழுதியிருக்கும். பைகளோடு போகிறவர்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் மட்டும் கீழே நின்று நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன். பெர்லினுக்கு வரவேண்டும் என்ற ஆசை முளைத்ததே அந்தப் பெயருக்குரிய பாடகியால்தான்.

பெர்லினைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்திருந்த சுவர் விழுந்த காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோருக்கும் ஸ்கார்பியன்ஸ் ராக் குழுவின் 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' என்ற விசில் பாட்டுதான் ஞாபகம் வரும். எனக்கும் பிடித்த பாட்டுதான். ஆனால் அவர்கள் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர்காரர்கள். 1989 ஆகஸ்டில் கச்சேரிக்காக மாஸ்கோ போனபோது கண்டதை வைத்து எழுதிய பாட்டு அது. ஆல்பம் 1990 நவம்பரில் வந்தது. அதற்குள் சுவர் விழுந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. சுவருக்கு உள்ளேயே வாழ்ந்தவர்கள், அது விழும் என்று தெரியாமலேயே போட்ட ஆல்பம் ஒன்று உண்டு. 'சில்லி' என்ற கிழக்கு பெர்லின் ராக் குழு 1989 தொடக்கத்தில் வெளியிட்ட 'ஃபெப்ருவார்'. பிப்ரவரி என்று அர்த்தம். அதைப் பாடியவர்தான் தமாரா டான்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை பாக்ஸ்ஹாகனர் பிளாட்ஸ் சந்தைக்குப் போனேன். பழைய பாத்திரம், கோட்டு, விளக்கு எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். ஒரு மேசையில் அமீகா இசைத்தட்டுகள் பெட்டி பெட்டியாக இருந்தன. கிழக்கு ஜெர்மனியில் ராக் வெளியிட்ட அரசு நிறுவனம் அமீகா. அந்த நாட்டில் அப்போது ஓர் எல்பி தட்டின் விலை எந்தக் கடையிலும் 16 மார்க் 10 பெனிக்தான். 'ஃபெப்ருவார்' தட்டைக் கையில் எடுத்ததும், விற்ற அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது எப்படி உங்களுக்குத் தெரியும்?" என்றார். வருடக்கணக்காகக் கேட்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தட்டை உறையிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, கீறல் இருக்கிறதா என்று எனக்காகப் பார்த்துக் கொடுத்தார்.

இந்த ஆல்பம் உருவான விதமே அந்தக் காலத்தைச் சொல்லிவிடும். பதிவு நடந்தது மேற்கு பெர்லினில். பயண அனுமதி கிடைத்த சில கலைஞர்களில் இவர்களும் உண்டு. சொந்த ஊர்க்காரர்கள் தாண்ட முடியாத எல்லையைத் தாண்டிப் போய், அந்த ஊர்க்காரர்களின் மூச்சுமுட்டலைப் பாடிவிட்டு வந்தார்கள். தட்டு கிழக்கு, மேற்கு இரண்டு ஜெர்மனியிலும் வெளியானது.

பாட்டுகள் எழுதியதில் முக்கியமானவர் கெர்ஹார்ட் குண்டர்மான். ஹோயெர்ஸ்வெர்டா பக்கத்துப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ராட்சதத் தோண்டும் இயந்திரம் ஓட்டிய தொழிலாளி. அவர் ஒரு காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்தவர் என்பது 1995-இல் தெரியவந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த வரிகள் எனக்குப் பொய்யாகவில்லை. ஆனால் கேட்கும்போது மனசு முன்னைப் போல லேசாக இல்லை.

எழுதுவதெல்லாம் தணிக்கையைத் தாண்டவேண்டும். அதற்கு அங்கே 'பச்சை யானை' என்று ஓர் உத்தி இருந்தது. கண்ணை உறுத்துகிற ஒரு வரியை வேண்டுமென்றே உள்ளே வைப்பார்கள். அதிகாரி அதைப் பிடித்து வெட்டிவிட்டுத் திருப்தியாக எழுந்து போவார். உண்மையில் சொல்லவந்தது பக்கத்திலேயே தப்பித்திருக்கும். இந்த ஆல்பத்தில் 'தொலைந்த பிள்ளைகள்' என்று ஒரு பாட்டு. பெர்லின் தெருக்களில் சுற்றும் பிள்ளைகள், வெப்பமான நாடுகளுக்குத் தப்பிப்போக ஏங்குகிறார்கள். தப்பிப்போக என்ற சொல்லே அதில் இருக்கிறது. ஓடிப்போவது குற்றமாக இருந்த நாட்டில் அது தட்டில் அச்சாகி வந்தது.

அந்தப் பாட்டுக்காகவே மறுநாள் பாம்ஷூலென்வேக் நிலையத்தில் இறங்கி பிரிட்ஸ் கால்வாய் வரை நடந்தேன். நல்ல குளிர், விரல் விறைத்துவிட்டது. அங்கே ஒரு தெருவுக்கு கிறிஸ் குஃப்ராய் என்ற பையனின் பெயர். ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவன், வயது 20. 1989 பிப்ரவரி 5 இரவு, நண்பனோடு இந்தக் கால்வாயைத் தாண்டி மேற்கே போகப் பார்த்தான். எல்லை தாண்டுகிறவர்களைச் சுடும் உத்தரவு நீக்கப்பட்டுவிட்டது என்று இருவரும் நம்பியிருந்தார்கள். நீக்கப்படவில்லை. கடைசி வேலியருகே காவலர்கள் சுட்டார்கள். அவன் இறந்தான், நண்பன் காயத்தோடு கைதானான். சுவரைத் தாண்டும்போது சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் அவன்தான் கடைசி. உத்தரவு ஏப்ரலில் போனது, சுவர் நவம்பரில் போனது. சுட்ட காவலர்களுக்கு ஆளுக்கு 150 மார்க் வெகுமதி கொடுத்திருக்கிறார்கள். பத்துத் தட்டு கூட வாங்க முடியாத பணம்.

நினைவுத் தூணுக்குப் பக்கத்தில் நின்று 'தொலைந்த பிள்ளைகள்' பாட்டைக் கேட்டேன். அவனை நினைத்து எழுதியதல்ல அது. ஆனால் அந்த இடத்தில் வேறு யாரையும் நினைக்க முடியவில்லை. அக்கரையில் ஒருவர் நாயோடு நடந்துபோனார். அவர் நாயிடம் பேசியதுகூடக் கேட்டது. அவ்வளவு பக்கம்.

அதே 1989-இல், செப்டம்பர் 18-ஆம் தேதி கிழக்கு ஜெர்மனியின் ராக் கலைஞர்கள் கூடி, நாட்டில் சீர்திருத்தம் வேண்டும், புதிய குடிமக்கள் இயக்கங்களோடு அரசு பேசவேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதினார்கள். முன்னின்றவர்களில் தமாராவும் ஒருவர். தடையை மீறி, கச்சேரிகளில் பாட்டுக்கு முன்னால் அதை மேடையில் வாசித்தார்கள். நாட்டைவிட்டு ஓடுவதைப் பற்றிப் பாடியவர்கள், ஓடாமல் நின்று கேட்டார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

எல்லை திறந்ததும் ஜனங்கள் மேற்கத்திய இசைத்தட்டுகளைத் தேடி ஓடினார்கள், சொந்த ஊர்ப் பாடகர்களைக் கேட்க ஆளில்லாமல் போனது. தமாரா விடாமல் பாடினார். 1996 ஜூலையில் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 43.

கால்வாயிலிருந்து திரும்ப எஸ் 9 ரயில் ஏறினால் எங்கும் மாறவேண்டியதில்லை, நேராக வார்ஷவர் ஸ்ட்ராசே. தட்டைக் கோட்டுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மால் இன்னும் திறந்திருந்தது. தெருப்பலகையின் மேல் விளக்கு வெளிச்சம் விழுந்திருந்தது.