கடித்த பையனும் என் இரண்டு சான்றிதழ்களும்

"ப்ளே ஸ்கூல் ஆரம்பிக்கலாம்னு இருக்கேங்க, எந்த சர்டிபிகேட் வாங்குனா போதும்?" போன மாதம் மட்டும் மூன்று பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். பெருமாநல்லூரிலிருந்து ஒருத்தர், ஊத்துக்குளியிலிருந்து ஒரு அக்கா, இன்னொருத்தி என்னோடு படித்தவள். ஒவ்வொருவரிடமும் போனில் அரைமணி நேரம் பேசி முடித்த பிறகும் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டது போலவே இருந்தது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் மையம் திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில், சுற்றிலும் பனியன் கம்பெனி. 22 குழந்தைகள், ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற அம்மாக்கள் காலை எட்டரைக்கு முன்னால் விட்டுவிட்டுப் போனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் குழந்தை விழித்திருக்கிற நேரம் ஏறக்குறைய முழுக்க எங்களோடுதான் இருக்கிறது.

என்னிடம் இரண்டு சான்றிதழ் உண்டு. முதலாவது 2016-இல் கூரியரில் வந்தது. பணம் கட்டினேன், ஒரு புத்தகம் வந்தது, கேள்விகளுக்கு வீட்டிலேயே விடை எழுதி அனுப்பினேன், ஆறு வாரத்தில் தங்கக் கரை போட்ட காகிதம் வந்தது. அந்த நிறுவனத்தில் ஒருவர்கூட நான் குழந்தையைத் தூக்கியிருக்கிறேனா என்று கேட்கவில்லை. நானும் ஃப்ரேம் போட்டு வாசல் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். அதைப் பார்த்து நம்பித்தான் பல பேர் பிள்ளையை விட்டார்கள். இப்போது நினைத்தால் அது எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் அந்தப் பையன் வந்தான். இரண்டரை வயது, பீகாரிலிருந்து வந்த குடும்பம், அப்பா டையிங்கில், அம்மா செக்கிங்கில். வந்த இரண்டு வாரத்தில் ஏழு பிள்ளைகளைக் கடித்துவிட்டான். ஒரு பாப்பாவின் தோளில் பல் பதிந்து நீலமாகிவிட்டது. "அந்தப் பையனை நிறுத்துங்க, இல்லீன்னா எங்க பிள்ளைய நாங்க கூட்டிட்டுப் போயிடறோம்" என்று இரண்டு அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள். என் சான்றிதழில் இதற்குப் பதில் இல்லை. "கடிக்காதே" என்று சொன்னேன், தனியாக உட்கார வைத்தேன், ஒரு நாள் சத்தமும் போட்டேன். எதுவும் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோவையில் ஒரு கல்லூரி நடத்திய ஆறுமாத வகுப்பில் சேர்ந்தேன், சனிக்கிழமை தோறும். முதல் வேலையே ஒரு குழந்தையைப் பத்து நாள் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நான் இவனைப் பற்றி எழுதினேன். வகுப்பெடுத்த மேடம் நோட்டைத் திருப்பித் தந்தபோது சிவப்பு மையில் மூன்று சொல்லைச் சுற்றியிருந்தார்: "கோபக்காரன்", "அடம்", "வேண்டுமென்றே". பக்கத்தில், "இவையெல்லாம் நீங்கள் நினைத்தவை. பார்த்ததை எழுதுங்கள்."

சரி என்று மறுபடி எழுதினேன். ஒரு நாள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "11.20. தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில். மஞ்சள் மூடி டப்பா ஒரு பாப்பா கையில். இவன் வலது கையை நீட்டினான், உள்ளங்கை மேலே பார்க்க. ஏதோ சொன்னான். அவள் திரும்பிக்கொண்டாள். மறுபடி நீட்டினான், கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். அவள் நகர்ந்தாள். கடித்தான்."

இதை மத்தியானம் எங்கள் ஆயா அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அவன் எப்பவும் கடிக்கறதுக்கு முன்னாடி கைய நீட்டறானுங் டீச்சர், நீங்க பார்த்ததில்லீங்களா?" என்றார். அவர் அதை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒரு தடவைகூட அவரிடம் கேட்கவில்லை. சாயங்காலம் அவன் அம்மாவிடம் கேட்டோம், அவன் சொன்னது "தே தோ", அதாவது "குடுத்துடு". பையன் முறையாகக் கேட்டிருக்கிறான், இரண்டு தடவை கேட்டிருக்கிறான், அவன் பாஷை இங்கே யாருக்கும் புரியவில்லை. அன்றிலிருந்து அவன் கையை நீட்டும்போதெல்லாம் ஆயா அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து "குடு" என்று அவனுக்காகச் சொன்னார். நாலாம் நாள் அவனே "குது" என்றான். அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் இரண்டே தடவைதான் கடித்தான், இரண்டும் தூக்கம் வந்து கிறங்கியிருந்த நேரம்.

அந்த வகுப்பின் கடைசியில் மேடம் எங்கள் மையத்துக்கே நேரில் வந்து மூலையில் பாய் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். எனக்குக் கை நடுங்கியது. போகும்போது இரண்டு விஷயம் சொன்னார். நான் நின்றுகொண்டே குழந்தையிடம் பேசுகிறேனாம். சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவ எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதால் கடைசிக் குழந்தை பத்து நிமிடம் சும்மா நிற்கிறதாம், தள்ளுமுள்ளு அங்கேதான் ஆரம்பிக்கிறதாம். மறுநாளிலிருந்து நாலு நாலு பேராக அனுப்புகிறோம். இந்த இரண்டு மணி நேரத்துக்காகவே அந்த இரண்டாவது சான்றிதழை மதிக்கிறேன்.

என் சித்தி மகள் அமெரிக்காவில், டெக்சாஸில் ஒரு குழந்தைகள் மையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே சி.டி.ஏ. (சைல்ட் டெவலப்மென்ட் அசோசியேட்) என்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சான்றிதழ், 1975-இலிருந்து இருக்கிறது. 120 மணி நேரப் படிப்பு, அதோடு குழந்தைகளோடு 480 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். தன் வேலையைப் பற்றித் தானே எழுதித் தொகுத்து வைக்க வேண்டும், பெற்றோரிடமும் படிவம் கொடுத்துக் கருத்து வாங்க வேண்டும், ஒருவர் நேரில் வந்து வேலை செய்வதைப் பார்ப்பார், அதற்கு மேல் பரீட்சையும் உண்டு. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவும் வேண்டும். அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஏக்கமாக இருந்தது.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி வேண்டும் என்பது நம் ஊரிலும் புது யோசனை கிடையாது. நம் அங்கன்வாடித் திட்டமும் அதே 1975-இல், அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியதுதான். அதற்கும் முன்னால், 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அதைக் குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்கள் பொறுப்பில் விட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். கம்பெனிகள் நிறைந்த நம் ஊரில் அந்தப் "பயிற்சி பெற்ற" என்ற சொல்லை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது 50 பேர் வேலை செய்யும் இடங்களுக்குக் காப்பகம் கட்டாயம் என்றும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றும் சேர்த்தார்கள்.

மையம் நடத்துகிறவருக்கும் படிப்பு வேண்டும். இதை யாரும் கேட்பதில்லை. எட்டுக் குழந்தை இருந்தவரை நான் டீச்சர் மட்டும்தான், இருபதைத் தாண்டியதும் சம்பளம், வாடகை, தீயணைப்பான், மருந்துப்பெட்டி எல்லாம் என் தலையில். ஒரு சாயங்காலம் "மாமா வந்திருக்கேன்" என்று ஒருவர் வந்து ஒரு பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். பாப்பாவும் சிரித்துக்கொண்டே போனதால் விட்டுவிட்டேன். அரைமணி கழித்து அம்மா வந்து "எங்கீங்க பாப்பா?" என்று கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நிஜ மாமாதான், பேக்கரியில் பன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவரைக் கண்டுபிடிக்கும் வரை போன அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. யார் யார் கூட்டிப் போகலாம் என்று போட்டோவோடு ஒரு பதிவேடு மறுநாளே வைத்தேன். அதை முன்கூட்டியே எனக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாதிரி மாநிலங்களில் மைய இயக்குநருக்கென்றே தனிச் சான்றிதழ் இருக்கிறது.

சரி, எதில் சேரலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்திருந்தால் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது, பாடத்தோடு புராஜெக்ட் வேலையும் உண்டு. மாண்டிசோரி பயிற்சியும் நல்லதுதான். 1939-இல் அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாறுக்கு வந்து சுமார் 300 பேருக்கு நடத்திய பயிற்சியிலிருந்து நம் பக்கம் பரவியது அது. ஆனால் மாண்டிசோரி என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைத்துவிடலாம், பார்த்துச் சேருங்கள். எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: குழந்தைகளோடு எத்தனை மணி நேரம் உட்கார வைப்பீர்கள்? நான் வேலை செய்வதை யார் வந்து பார்ப்பார்கள்? இரண்டுக்கும் பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

எனக்கு மனக்குறை ஒன்றுதான். எங்கள் ஆயா அக்கா பத்தாவது. நான் விசாரித்த படிப்புகள் எல்லாம் பிளஸ் டூ கேட்கின்றன. 2020 கல்விக் கொள்கையில் பிளஸ் டூ இல்லாத அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஒரு வருட டிப்ளமோ என்று வழி சொல்லியிருக்கிறார்கள், தனியார் மையத்தில் இருக்கும் இவருக்கு அது இல்லை. கையை நீட்டியதை முதலில் பார்த்தவர் இவர். தனித்தேர்வராகப் பிளஸ் டூ பரீட்சை எழுத வைக்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் அவர் பார்த்ததைச் சொல்கிறார், நான் எழுதுகிறேன். இது நாலாவது நோட்டு.

கேட்ட மூன்று பேருக்கும்: எங்கேயும் பணம் கட்டாமல் முதலில் ஒரு நாள் இங்கே வாருங்கள். காலை எட்டரைக்கு, கையில் ஒரு நோட்டோடு. ஆயா அக்கா பக்கத்தில் பாய் போட்டு வைக்கிறேன்.