555 புத்தகத்தில் ஒரு பக்கம்

சுங்கை சிப்புட், மலேசியா, 9 ஆகஸ்ட் 2025, சனி

காலை ஆறரைக்கே வட்டிக்கடைப் பையனிடமிருந்து வாட்ஸ்அப். "அக்கா, ரெண்டு நாள் லேட். ஒரு நாளைக்கு 50 வெள்ளி பெனால்டி. இன்னிக்கு வந்தா 645." கீழே ஒரு கும்பிடு பொம்மை வேறு.

அப்பா 60 வயதில் ஓய்வு பெற்றார். ஆள் பற்றாக்குறை என்று தோட்டம் இன்னும் மூன்று வருஷம் ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டது. ஏப்ரலில் அதுவும் முடிந்தது, லயத்து வீடும் போனது. நான் பிறந்த வீடு. நான் கிராணியாக (குமாஸ்தாவாக) இருப்பது வேறு தோட்டத்து ஆபீஸில், எனக்கு அங்கே வீடு கிடையாது. டவுனில் வாடகை வீடு 600 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் 300, சாமான் ஏற்ற லோரிக்கு 200. அதே வாரம் பார்த்து மோட்டார் சைக்கிள் இஞ்சினும் மண்டையைப் போட்டது. இ.பி.எஃப் (சேமநிதி) மூன்றாம் கணக்கை வழித்துத் துடைத்தும் போதவில்லை.

அப்படித்தான் மே மாதம் கடைவீட்டு மாடிப்படி ஏறினேன். 3,000 வெள்ளிக் கடன், மாதம் 545, ஆறு மாதம். கையில் வந்தது 2,600. "ஃபைல் காசு" என்று 400 பிடித்துக்கொண்டார்கள். ஜூனும் ஜூலையும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். இந்த மாதம் முடியவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் அலமாரியில் இருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்து வந்தார். தோட்டத்துக் கடையில் பற்று எழுதிய அதே சின்னப் புத்தகம்தான். அம்மா இருந்தபோது மீனுக்கும் மாவுக்கும் ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருப்பார்.

"உன் சம்பளத்தைச் சொல்லும்மா, எழுதுறேன்" என்றார்.

அடிப்படை 1,950. இ.பி.எஃப், சொக்சோ காப்புறுதிப் பிடித்தம் போகக் கைக்கு 1,720. வாடகை 600, சமையல் சாமான் 480, மகளின் பள்ளி வேன் 80, தண்ணீர் மின்சாரம் 90, பெட்ரோல் 100, போன் 45, சீட்டு 100. மிச்சம் 225. அப்பா அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். 225 வெள்ளி உள்ளவள் 545 கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறேன்! அதுவும் மாதாமாதம் நாற்பது பேர் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கிறவள். மற்றவர்கள் பிடித்தத்தில் ஒரு காசு தவறினாலும் கண்டுபிடிப்பேன்.

மேனேஜரிடம் முன்பணம் கேட்டிருக்கலாம். எத்தனை பேருக்கு அந்தத் தாளை நானே எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன். என் பெயரை அதில் எழுத மட்டும் கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை எவ்வளவு என்று அப்பா கேட்கவில்லை, நல்லவேளை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

மதியம் உர ஸ்டோருக்குப் பின்னால் நின்றுகொண்டு, கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே.க்குப் போன் போட்டேன். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. ஈப்போவில் கிளை இருக்கிறது. எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். வட்டிக்கடை உரிமம் பேங்க் நெகாராவின் கீழ் வராது, அது வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சின் கையில், அதனால் இந்தக் கடனை அவர்களுடைய திட்டத்துக்குள் கொண்டுவர முடியாது என்றார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் வைக்கும் முன் மூன்று விஷயம் சொன்னார்: அவர்களுக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். கட்ட முடியாத தொகைக்கு மறுபடி தலையாட்டாதீர்கள்.

மூன்றாவது எனக்கென்றே சொன்னது போல இருந்தது.

14 ஆகஸ்ட், வியாழன்

உரிமம் உண்டு, அமைச்சின் பட்டியலில் பெயர் இருக்கிறது. அப்பாடா. மின்கம்பத்தில் போன் நம்பர் ஒட்டுகிற, உரிமமில்லாத ஆ லோங்காக (கந்துவட்டிக்காரராக) இருந்தால் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. போலீசுக்குப் போக வேண்டியதுதான். பழைய லயத்தில் ஒருவர் கேட்டில் சிவப்புப் பெயிண்டு ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தம் மகளின் பழைய பள்ளிப் பையில் கிடந்தது. ஜடுவல் ஜே (அட்டவணை ஜே) என்று தலைப்பு. அடமானம் இல்லாத கடனுக்கு இந்தப் படிவம்தானாம். இதுவரை மடிப்பைக் கூடப் பிரிக்கவில்லை. இன்று மலாய் அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன்.

வருஷ வட்டி 18 விழுக்காடு. அடமானம் இல்லாத கடனுக்கு 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டம் விடுகிற உச்சவரம்பே அதுதான். 3,000க்கு ஆறு மாத வட்டி 270, மொத்தம் 3,270, ஆறால் வகுத்தால் 545. இதுவரை கணக்கு சுத்தம். 400 வெள்ளி ஃபைல் காசு எங்கேயும் இல்லை. எழுதவும் முடியாது. முத்திரை வரி, கையெழுத்துச் செலவு மாதிரியானவை தவிரக் கடன் கொடுப்பதற்கென்று தனியாகக் காசு பிடிக்கவே கூடாது.

அப்புறம் தாமதக் கட்டணம். கட்டாத தவணைக்கு வருஷத்துக்கு 8 விழுக்காடு தனிவட்டி, நாள் கணக்கில். கால்குலேட்டரை எடுத்தேன். 545 பெருக்கல் 8 விழுக்காடு, 43.60. அதை 365ஆல் வகுத்தால் 0.119. நம்பாமல் இன்னொரு தடவை தட்டினேன். ஒரு நாளைக்கு 12 காசு.

அவர்கள் கேட்டது 50 வெள்ளி.

16 ஆகஸ்ட், சனி

அரைநாள் வேலை முடிந்து நேராகப் போனேன். மாடிப்படியில் ஒரே வெற்றிலைச் சாயம். மேசையில் அதே பையன். பாவம், அவனும் எங்கோ ஒரு லயத்துப் பிள்ளைதான், பேச்சிலேயே தெரிகிறது.

"அக்கா, ஒன்பது நாள், 450. தவணையோட 995. முடியலன்னா ஏ.டி.எம் கார்டைக் குடுத்துட்டுப் போங்க, சம்பளம் ஏறினதும் நாங்களே எடுத்துக்கிறோம்."

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் மறந்துவிட்டது. 555 புத்தகத்தை மேசைமேல் விரித்துவைத்தேன். "தம்பி, கார்டைத் தரமாட்டேன், அதை நீங்க வாங்கி வைக்கவே கூடாது. ஒன்பது நாளைக்குத் தாமதம் 1 வெள்ளி 8 காசு. இதோ கணக்கு." சில்லறையை எண்ணி ஒப்பந்தத்தின் மேல் வைத்தேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு உள்ளே போனான்.

முதலாளி வந்தார். சத்தம் போடவில்லை, அதுவே எனக்குப் பாதி பலம். அவருக்கும் வக்கீல், கேஸ் என்று அலைய ஆசையில்லை போல. இன்னும் 2,180 பாக்கி, அதை மறுக்கவில்லை என்று முதலிலேயே சொன்னேன். மாதம் 200 தருகிறேன், ஃபைல் காசு 400ஐப் பாக்கியில் கழியுங்கள் என்றேன். அவர் 350 என்றார். நான் பட்ஜெட் பக்கத்தைக் காட்டினேன். 300 என்றார். "300க்கு ஒத்துக்கிட்டா மூணாம் மாசம் மறுபடி இங்கதான் நிப்பேன், அது உங்களுக்கும் நல்லதில்லை" என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

வரும் வழியில் கால் நடுங்கியது. கோப்பிக்கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பி ஓ குடித்தேன். பட்ஜெட்டில் இல்லாத செலவு.

18 ஆகஸ்ட், திங்கள்

சீக்கிரமாக எழுதிவிடுகிறேன். 400இல் 200 கழிப்பு. பாக்கி 1,980. மாதம் 220, ஒன்பது மாதம், செப்டம்பரில் தொடங்கி அடுத்த மே வரை. புது வட்டி கிடையாது. பெனால்டி தள்ளுபடி.

அக்கா மகன், "மீதி 200ஐ ஏன் சின்னம்மா விட்டீங்க, அமைச்சில் புகார் போடுங்க" என்கிறான். அவன் சொல்வது சரிதான். எழுதியிருந்தால் முழுசும் கிடைத்திருக்கலாம். ஆனால் கடிதமும் விசாரணையுமாக இழுக்கிற தெம்பு எனக்கு இல்லை. அந்த 200ஐத் தூக்கத்துக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றில் மட்டும் விடவில்லை. போனில் சொன்னது போதும் என்றார்கள். எழுத்தில் வேண்டும், கம்பெனி முத்திரையோடு, பாக்கித் தொகையும் ஒன்பது தேதியும் போட்டு, என்றேன். பையன் தட்டச்சு செய்தான். எட்டு தேதிதான் இருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

8 செப்டம்பர், திங்கள்

நேற்று ஞாயிறு, கடை பூட்டு. இன்று 220 கட்டினேன். ரசீது கேட்டு வாங்கினேன். பாக்கி 1,760. கையில் 5 வெள்ளி மிச்சம்.

அப்பா ரசீதைப் பார்த்துவிட்டுத் தாத்தா கதையை எடுத்தார். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம்ம ஊர்க்காரர்; 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தாத்தாவும் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினாராம். அந்தப் பங்கு என்ன ஆனது என்று கேட்டேன். சின்னத்தாத்தா கல்யாணத்துக்கு விற்றாயிற்று. எங்கள் குடும்பத்துக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது.

7 அக்டோபர், செவ்வாய்

220. பாக்கி 1,540. இந்த மாதம் சீட்டை நிறுத்திவைத்தேன், தீபாவளி 20ஆம் தேதி.

ரசீது எழுதிக்கொண்டே பையன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒழுங்கா கட்டுறீங்கன்னு முதலாளி சொன்னாரு. தீபாவளிக்கு டாப்-அப் வேணுமா? ஆயிரம் வரைக்கும் இன்னிக்கே கிடைக்கும்."

ஒரு நிமிஷம் மகளின் பாவாடை தாவணி கண்முன்னால் வந்தது. பொய் சொல்லப் போவதில்லை, வந்தது.

"ரசீதைக் குடு தம்பி" என்றேன்.

வீட்டில் அப்பா 555 புத்தகத்தில் 1,540 என்று எழுதினார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, முறுக்குக்கு எத்தனை கிலோ மாவு அரைக்க வேண்டும் என்று கேட்டார். ரெண்டு போதும்ப்பா என்றேன்.