உறைக்குள் வைத்து அனுப்பிய பச்சை

தரமணியில் உள்ள ஓர் ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்ப்பதும், அதிலிருந்து பிளாஸ்மிட் எனும் சிறு வட்ட டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பதும், கேட்பவர்களுக்கு அனுப்பிவைப்பதும் என் வேலை. எங்கள் ஃபிரீசரில் இருக்கும் குழாய்களில் மற்ற எதையும்விட அடிக்கடி வெளியே எடுக்கப்படுவது, ஜெல்லி மீனின் பச்சைப் புரதத்துக்கான மரபணு இருக்கும் குழாய்தான். அந்தப் புரதத்தை ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக ஜிஎஃப்பி என்போம்; ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

புதிதாக வரும் மாணவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "அக்கா, இது மின்மினிப் பூச்சி மாதிரிதானே?" இல்லை. மின்மினி தன் ஒளியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஜிஎஃப்பி வாங்கிய ஒளியை நிறம் மாற்றித் திருப்பித் தருகிறது. நீல ஒளியோ புற ஊதா ஒளியோ பட்டால் பச்சையாக ஒளிரும். விளக்கை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். அந்த ஜெல்லி மீனுக்குள் இரண்டு புரதங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. கால்சியம் பட்டதும் ஈக்வோரின் நீல ஒளியை உண்டாக்குகிறது. பக்கத்தில் இருக்கும் ஜிஎஃப்பி அதை வாங்கிப் பச்சையாக்குகிறது. 2019 ஆகஸ்டில் பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கடற்கரைகளில் அலைகள் நீலமாக மின்னியபோதும் இதே கேள்வி வந்தது. அது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி. அலை மோதும்போது தானே ஒளிவிடும். அதற்கும் ஜிஎஃப்பிக்கும் தொடர்பில்லை.

ஈக்வோரினையும் ஜிஎஃப்பியையும் பிரித்தெடுத்தவர் ஜப்பானிய வேதியியலாளர் ஒசாமு ஷிமோமுரா. 1961ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் ஃபிரைடே ஹார்பரில் ஈக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லி மீன்களைப் பிடித்து, அவற்றின் விளிம்பை மட்டும் வெட்டியெடுத்து, சாறு பிழிந்து பார்த்தார். ஒருநாள், வேலை முடிந்த சாற்றைத் தொட்டியில் கொட்டியபோது அது பளிச்சென்று நீலமாக எரிந்தது. தொட்டிக்குள் கடல்நீர் வந்துகொண்டிருந்தது. அதில் இருந்த கால்சியம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். இது எதற்குப் பயன்படும் என்று அப்போது யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு நிறைவாக இருக்கும்.

இந்தப் புரதத்தில் 238 அமினோ அமிலங்கள். பீப்பாய் போல மடிந்திருக்கும் அதன் நடுவில், 65, 66, 67ஆம் இடங்களில் உள்ள மூன்றும் தாமாகவே ஒன்றோடொன்று இணைந்து ஒளிரும் பகுதியாக மாறுகின்றன. வெளியிலிருந்து தேவைப்படுவது ஆக்சிஜன் மட்டுமே. ஜெல்லி மீனின் வேறு எந்த நொதியின் துணையும் வேண்டாம். அதனால்தான் பாக்டீரியாவிலும் புழுவிலும் எலியிலும் இது ஒளிர்கிறது. ஜிஎஃப்பி நன்றாக உருவாகியிருக்கும் ஈ. கோலை பாக்டீரியாவை இரவு முழுக்க வளர்த்து, காலையில் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால், குழாயின் அடியில் படிவது இளம்பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். சாதாரண பாக்டீரியா பழுப்பு வெள்ளையாகப் படியும். பவளத்தோடு உறவுள்ள டிஸ்கோசோமாவின் சிவப்புப் புரதத்திலிருந்து உருவாக்கிய எம்செரி என்ற புரதம் என்றால், படிவு நாவல் பழச்சாறு தெறித்தது போல இருக்கும். அதைப் பார்க்க விளக்கே வேண்டாம்.

ஜிஎஃப்பி பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பு, ஒரு குறிப்பிட்ட புரதம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் செல்லைக் கொன்று, பதப்படுத்தி, சாயமேற்றித்தான் பார்க்க வேண்டும். 1994இல் மார்ட்டின் சால்ஃபி ஓர் உருளைப்புழுவின் தொடு உணர்வு நரம்புகளை உயிரோடு பச்சையாக ஒளிர வைத்துக் காட்டினார். ராஜர் சியென் 65ஆம் இடத்து அமினோ அமிலத்தை மாற்றி ஒளியைக் கூட்டினார். வேறு நிறங்களையும் உண்டாக்கினார். இவர்கள் இருவரோடு ஷிமோமுராவுக்கும் 2008ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

என் மனம் நிற்பது நான்காவது மனிதரிடம். டக்ளஸ் பிராஷர். ஜிஎஃப்பி மரபணுவைப் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டவர் அவர்தான். மேற்கொண்டு செய்ய நிதி கிடைக்கவில்லை. கேட்ட சால்ஃபிக்கும் சியெனுக்கும் மரபணுவை அனுப்பிக் கொடுத்தார். பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் அலபாமாவில் ஒரு கார் விற்பனையகத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியெனும் அவரைச் செலவு கொடுத்து ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். பிறகு சில ஆண்டுகள் அவர் சியெனின் ஆய்வகத்தில் வேலை செய்தார். அவர் அனுப்பாமல் இருந்திருந்தால் இந்தத் துறை எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும் என்று என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நான் செய்வதும் அதே வேலையின் ஒரு சிறு துண்டு. வடிதாளில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவேன். பேனா கூடாது, மை கரைந்து கலந்துவிடும். வட்டத்துக்குள் ஒரு சொட்டுப் பிளாஸ்மிட் கரைசல். காய்ந்ததும் அலுமினியத் தாளில் மடித்து, பிளாஸ்டிக் உறையில் இட்டுச் சாதாரணத் தபாலில் போடலாம். ஐஸ் வேண்டாம். ஐப்பசி மழையில் மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து வைப்பேன். பெறுபவர் வட்டத்தை வெட்டி, சிறிதளவு கரைசலில் ஊறவைத்து, அந்த நீரை பாக்டீரியாவுக்குள் செலுத்தினால் போதும்.

எல்லா இடத்திலும் இப்படிக் கிடைப்பதில்லை. ஓரிடத்தில் ஒரு பிளாஸ்மிட் கேட்டு, ஒப்பந்தப் படிவம் மேசை மேசையாகச் சுற்றி வருவதற்குள் கேட்ட மாணவி ஆய்வேட்டையே சமர்ப்பித்துவிட்டாள். காப்புரிமை தேவைப்படும் இடங்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடம் நடத்துவதற்கான பச்சை மரபணுவுக்கு அத்தனை கையெழுத்து எதற்கு?

மாவட்டக் கல்லூரிகளிலிருந்து கேட்டு எழுதுகிறார்கள். உயிரியல் பாதுகாப்புக் குழு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்புகிறோம். கூடவே ஒரு தாளில் எழுதி வைப்பேன்: பாக்டீரியா வளர்க்கும் தட்டில் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கோடு அராபினோஸ் சர்க்கரையும் சேருங்கள், சர்க்கரை சேர்க்காவிட்டால் பாக்டீரியா வளரும், ஒளிராது. புற ஊதா விளக்கைப் போடும்முன் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். வந்த பிளாஸ்மிடை வளர்த்து வைத்துக்கொண்டு, பக்கத்துக் கல்லூரி கேட்டால் நீங்களே கொடுங்கள்.