சானிடைசருக்கு அடங்காத சி-டிஃப்

மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக வேலை பார்க்கிறேன். வார்டுக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் சானிடைசரை அமுக்கிக் கையில் தேய்த்துக்கொள்வது எல்லோருக்கும் பழகிவிட்டது. பெரும்பாலான கிருமிகளுக்கு அது போதும். ஆனால் சி-டிஃப் என்ற குடல் கிருமி தொற்றிய நோயாளியின் அறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குப் போதாது. வேலைக்குப் புதிதாக வரும் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

க்ளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்பது முழுப்பெயர். காற்று பட்டால் வளராத பாக்டீரியா. குடலை விட்டு வெளியே வந்ததும் கெட்டியான உறை போர்த்திய ஸ்போராக மாறி, கட்டில் கம்பியிலும் கமோடிலும் மாதக்கணக்கில் கிடக்கும். ஆல்கஹால் அந்த உறையை ஒன்றும் செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்கூட ஸ்போரைக் கொல்வதில்லை, கையிலிருந்து கழற்றிக் கழுவி விடுகின்றன. அதனால்தான் கிளவுஸைக் கழற்றிய பிறகும் விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று தேய்த்துக் கழுவச் சொல்கிறேன். கட்டைவிரலைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

நிமோனியாவுக்காகச் சேர்ந்த ஒரு பெரியவர் குணமாகி வீட்டுக்குப் போக இருந்த நேரத்தில் தண்ணீராக வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. அவருடைய மகள் என்னிடம், "மருந்துதானே கொடுத்தீங்க சிஸ்டர், அதுல எப்படி வியாதி வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நுரையீரல் கிருமியைக் கொல்லக் கொடுத்த ஆன்டிபயாட்டிக், குடலில் காலங்காலமாகக் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அந்தக் காலி இடத்தில் சி-டிஃப் பெருகி நச்சை விடுகிறது, பெருங்குடல் புண்ணாகிறது. கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின் வகைகள், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவைக்குப் பிறகு இந்த ஆபத்து அதிகம். தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தச் சொல்லி நான் டாக்டர்களிடம் மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கிருமியை 1935-லேயே பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். குழந்தைகள் ஆரோக்கியமாகத்தான் இருந்தார்கள். ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதன் நச்சுதான் காரணம் என்று தெரிய வந்தது 1978 வாக்கில்தான்.

சிகிச்சை இருக்கிறது. வான்கோமைசினை வாய்வழியாகக் கொடுப்பார்கள், அல்லது ஃபிடாக்சோமைசின். கஷ்டம் என்னவென்றால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வந்துவிடும். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைக் குடலில் சேர்ப்பதும் உண்டு. கேட்டதும் முகம் சுளிப்பார்கள். ஆனால் 2013-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இது வான்கோமைசினைவிட எவ்வளவோ நன்றாக வேலை செய்ததால், ஆய்வையே பாதியில் முடித்துக்கொண்டார்கள். 2023-இல் அமெரிக்காவில் இதை மாத்திரையாகவே அனுமதித்துவிட்டார்கள்.

அப்புறம் அறையைச் சுத்தம் செய்வது. இங்கே சாதாரண கிருமிநாசினி செல்லாது, குளோரின் கலந்த கரைசல்தான் வேண்டும். துடைத்த இடம் லேபிளில் சொன்ன நிமிடங்கள்வரை ஈரமாகவே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜெல்லை முன்கூட்டியே அங்கங்கே தடவி வைத்துவிட்டு, சுத்தம் முடிந்ததும் புற ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பேன். தரை பளிச்சென்று இருக்கும். நர்ஸைக் கூப்பிடும் பொத்தானிலும் கழிப்பறைக் கைப்பிடியிலும் ஜெல் அப்படியே ஒளிரும். துப்புரவுப் பணியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஓர் அறையை முடிக்கும் முன்பே அடுத்த நோயாளியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். முன்பு சி-டிஃப் நோயாளி இருந்த அறைக்கு வருகிறவருக்கு அந்தத் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் படுக்கை ஒதுக்குகிறவர்கள் எத்தனை முறை போன் செய்தாலும், விளக்கு அடித்துப் பார்க்கும்வரை நான் அறையைக் கொடுப்பதில்லை.